பழைய ஆட்டோமேட்டிக் கார் ஸ்டார்ட் ஆகவில்லையா? எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில் கழற்றுவது

"வண்டி ஸ்டார்ட் ஆகல" என்று யாராவது சொன்னால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: செல்ஃப் எடுக்கிறதா (சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் மோட்டார் இன்ஜினைச் சுற்றுகிறதா), எடுக்கவில்லையா? இதற்குப் பதில் தெரியாமலே பேட்டரியை மாற்றி, அது சரிப்படாமல் ஸ்டார்ட்டரை மாற்றி, கடைசியில் கியர்பாக்ஸ் ஓரமாக இருக்கும் ஒரு சின்ன சுவிட்சில்தான் கோளாறு என்று கண்டுபிடித்தவர்கள் நிறைய. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான். நன்றாக இருந்த ஸ்டார்ட்டரைக் கழற்றிப் புதிது போட்டு, பழையபடி 'டக்' என்று ஒரே சத்தம் மட்டும் வந்தபோதுதான், இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவே உள்ள எர்த் பட்டை (கரண்ட் பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் கம்பிப் பட்டை) துருப்பிடித்து நூல் நூலாகத் தொங்குவது கண்ணில் பட்டது.

டார்க் கன்வெர்ட்டர் (கிளட்சுக்குப் பதிலாக ஆயில் வழியே இன்ஜினைக் கியர்பாக்ஸோடு இணைக்கும் பாகம்) உள்ள, சாவி போட்டுத் திருப்பும் பழைய பெட்ரோல் வண்டிகளை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். பட்டன் வண்டிக்கு எங்கே மாறும் என்பதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன். வரிசையை மாற்றாதீர்கள். ஒன்றையும் கழற்றாமல் செய்யக்கூடியவை முதலில் வருகின்றன, கை அழுக்காகும் வேலைகள் பின்னால்.

1. கையில் இருக்க வேண்டியவை

ஒரு மல்டிமீட்டர், ஒரு 12 வோல்ட் டெஸ்ட் லேம்ப், பேட்டரி டெர்மினலுக்குப் பொருந்தும் ஸ்பேனர் (பெரும்பாலும் 10 மி.மீ., சில வண்டிகளில் 13), கம்பி பிரஷ் அல்லது உப்புத்தாள், டார்ச், ஜம்ப் கேபிள், அப்புறம் உங்கள் வண்டியின் ஃபியூஸ் பெட்டிப் படம். ஓபிடி ஸ்கேனர் (வண்டியின் கம்ப்யூட்டரிலிருந்து கோளாறுக் குறியீடுகளைப் படிக்கும் கருவி) இருந்தால் நல்லது, இல்லையென்றாலும் பாதித் தூரம் போகலாம்.

மீட்டர் இருக்கும்போது டெஸ்ட் லேம்ப் எதற்கு என்று கேட்பார்கள். மீட்டர் கிட்டத்தட்ட கரண்டே இழுக்காது, அதனால் களிம்பு ஏறி அரை உயிராகக் கிடக்கும் இணைப்பில்கூட ஜம்மென்று 12 வோல்ட் காட்டிவிடும். லேம்ப் எரிய கரண்ட் வேண்டும், ஆகவே அங்கே மங்கலாக எரியும் அல்லது எரியவே எரியாது. ஒரே எச்சரிக்கை: இசியூவுக்கு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) போகும் மெல்லிய சென்சார் வயர்களில் லேம்பைக் குத்தாதீர்கள், அங்கே மீட்டர் மட்டும்தான்; ஏர்பேக் வயரில் லேம்பும் வேண்டாம், மீட்டரும் வேண்டாம்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியம் உதவிக்கு ஒரு ஆள். இங்கே உள்ள முக்கியமான அளவுகள் எல்லாம் சாவியைத் திருப்பிப் பிடித்திருக்கும்போது எடுக்க வேண்டியவை. தனியாக முயன்றால் ஒன்று சாவி இருக்கும், இல்லை மீட்டர் இருக்கும்.

2. பானட்டைத் திறக்கும் முன்

ஹேண்ட்பிரேக்கை இழுங்கள், சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள், கியரை 'பி'யில் (பார்க்) போடுங்கள். உதவிக்கு வந்தவர் சீட்டில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்தபடியே சாவியைத் திருப்பட்டும். காரணம் இருக்கிறது: கியரில் இருக்கும்போது வண்டி ஸ்டார்ட் ஆகாமல் தடுக்கும் சுவிட்சையே நாம் சந்தேகப்படப் போகிறோம். அந்தத் தடுப்பு வேலை செய்யும் என்று நம்பி வண்டிக்கு முன்னால் நிற்பது முட்டாள்தனம்.

மோதிரம், உலோக வாட்ச் எல்லாம் கழற்றி வையுங்கள். பேட்டரி பிளஸ்ஸுக்கும் பாடிக்கும் நடுவில் மாட்டும் மோதிரம் சிவக்கச் சிவக்கக் காய்ந்துவிடும். பேட்டரி அருகில் நெருப்பும் வேண்டாம், அதிலிருந்து வருவது ஹைட்ரஜன் வாயு.

சாவியை ஒரு தடவைக்கு 10 விநாடிக்கு மேல் திருப்பிப் பிடிக்காதீர்கள், அடுத்த முயற்சிக்கு முன் ஒரு நிமிடமாவது விடுங்கள். ஸ்டார்ட்டர் மோட்டார் தொடர்ந்து ஓடுவதற்காகச் செய்யப்பட்டது அல்ல, சீக்கிரம் வெந்துபோகும்.

3. எதையும் தொடாமல் முதலில் காது கொடுங்கள்

ஏசி, ஹெட்லைட், ரேடியோ எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, உள்ளே கூரை விளக்கை மட்டும் எரியவிடுங்கள். சாவியை 'ஆன்' வரை கொண்டுபோய் இரண்டு விநாடி நிறுத்துங்கள், டேஷ்போர்டு விளக்குகளைப் பாருங்கள், பிறகு 'ஸ்டார்ட்'டுக்குத் திருப்புங்கள். கேட்பதையும் கூரை விளக்கு என்ன ஆகிறது என்பதையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சிரிக்காதீர்கள், அரை மணி கழித்து "முதல்ல டக்குன்னுச்சா, டக்டக்குன்னுச்சா" என்று உங்களுக்கே சந்தேகம் வரும்.

சத்தமே இல்லை, விளக்குகளும் மங்கவில்லை என்றால் ஸ்டார்ட்டருக்கு உத்தரவே போய்ச் சேரவில்லை. கியர் சுவிட்ச், ரிலே (சின்ன கரண்டால் பெரிய கரண்டைப் போட்டு அணைக்கும் சுவிட்ச்), சாவி சுவிட்ச் பக்கம் பாருங்கள்: படி 4, பிறகு 7, 8.

'டகடகடக' என்று வேகமாக அடித்துக்கொண்டு விளக்குகள் துடித்தால் வோல்ட் போதவில்லை. சொலினாய்டு (ஸ்டார்ட்டரின் மேல் உள்ள மின்காந்த சுவிட்ச்) இழுக்கிறது, இழுத்ததும் வோல்ட் விழுகிறது, விடுகிறது, மறுபடி இழுக்கிறது. படி 5, 6.

கனமாக ஒரே ஒரு 'டக்', அதன்பின் அமைதி என்றால் படி 6, 7. இந்த இடத்தில் கூரை விளக்கு ரொம்ப உதவும்: மங்காமல் இருந்தால் ஸ்டார்ட்டர் கரண்டை இழுக்கவில்லை, படாரென்று மங்கினால் இழுக்கிறது ஆனால் சுற்ற முடியவில்லை.

'விர்ர்' என்று மோட்டார் மட்டும் சுற்றி இன்ஜின் அசையாவிட்டால் ஸ்டார்ட்டரின் பல்சக்கரம் ஃபிளெக்ஸ்பிளேட் (இன்ஜினின் பின்பக்கம் உள்ள பல் வைத்த தட்டு) பல்லில் போய்ச் சேரவில்லை. கரகரவென்று உலோகம் உரசினால் அந்தப் பல்லே தேய்ந்திருக்கலாம். இரண்டுக்கும் ஸ்டார்ட்டரைக் கழற்றித்தான் ஆக வேண்டும்.

செல்ஃப் நன்றாக எடுக்கிறது, இன்ஜின் மட்டும் பிடிக்கவில்லை என்றால் பேட்டரியைக் குற்றம் சொல்லாமல் நேராகப் படி 9-க்குப் போங்கள்.

4. கியர் லீவர்: மேனுவல் வண்டிக்காரர்களுக்குத் தெரியாத படி

ஆட்டோமேட்டிக்கில் 'பி', 'என்' (நியூட்ரல்) இரண்டில் மட்டும்தான் செல்ஃப் எடுக்கும். அதைக் காவல் காப்பது ஒரு சுவிட்ச். நியூட்ரல் சேஃப்டி சுவிட்ச், இன்ஹிபிட்டர் சுவிட்ச், ரேஞ்ச் சென்சார் என்று ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். பெரும்பாலும் கியர்பாக்ஸின் பக்கவாட்டில், லீவர் கேபிள் வந்து சேரும் தண்டின் மேலேயே உட்கார்ந்திருக்கும். வெயில், மழை, சேறு எல்லாம் படும் இடம், பழைய வண்டியில் மக்கர் செய்யாவிட்டால்தான் ஆச்சரியம்.

பிரேக்கை நன்றாக மிதித்து, லீவரை 'என்'னுக்குக் கொண்டுபோய் சாவியைத் திருப்புங்கள். எடுத்துவிட்டதா? பேட்டரி, கேபிள், ஸ்டார்ட்டர், சாவி எல்லாம் ஒரே நொடியில் சந்தேகப் பட்டியலிலிருந்து விலகிவிட்டன. கோளாறு அந்த சுவிட்சிலோ அதன் பொருத்தத்திலோ லீவர் கேபிளிலோதான்.

'என்'னிலும் எடுக்கவில்லையா? லீவரை 'பி'யிலிருந்து கடைசி வரை நாலைந்து தடவை மெதுவாகக் கொண்டுபோய்த் திரும்புங்கள். பிறகு 'பி'யில் வைத்து, உதவியாளர் பிரேக்கை மிதித்தபடி சாவியைத் திருப்பிப் பிடிக்க, லீவரை லேசாக முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஏதோ ஒரு புள்ளியில் செல்ஃப் எடுத்தால் சுவிட்ச் உள்ளே காண்டாக்ட் தேய்ந்திருக்கிறது அல்லது கேபிள் நீண்டுவிட்டது.

டேஷ்போர்டில் கியர் எழுத்து காட்டும் வண்டி என்றால் லீவரும் எழுத்தும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். லீவர் 'பி'யில் இருக்க எழுத்து அணைந்தோ மின்னிக்கொண்டோ இருந்தால், கியர்பாக்ஸுக்கு அது 'பி' என்றே தெரியவில்லை. பல வண்டிகளில் ரிவர்ஸ் விளக்கையும் இதே சுவிட்ச்தான் போடுகிறது; சாவி 'ஆன்'னில், 'ஆர்' போட்டால் அந்த விளக்கு எரியாமல் 'ஆர்'-'என்' நடுவில் எரிந்தால் சுவிட்ச் இடம் நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். கேபிள் நுனியில் உள்ள பிளாஸ்டிக் புஷ் உடைந்து லீவர் தொளதொளவென்று ஆடுவதும் சகஜம். அது ஒரு சின்னத் துண்டு, அதற்காகப் புது சுவிட்ச் வாங்கியவர்களும் உண்டு.

லீவர் 'பி'யை விட்டு நகரவே மாட்டேன் என்றால் பிரேக் விளக்கைப் பாருங்கள். மிதித்தும் விளக்கு எரியாவிட்டால் பிரேக் சுவிட்ச் அல்லது அதன் ஃபியூஸ் போயிருக்கிறது, லீவர் பூட்டு அந்த சிக்னலுக்காகத்தான் காத்திருக்கிறது. தற்காலிகமாக லீவர் பக்கத்தில் ஒரு சின்ன மூடிக்குக் கீழே பூட்டை விடுவிக்கும் துளை இருக்கும். பட்டன் வண்டியில் இது இன்னும் முக்கியம்: பிரேக் மிதித்தது தெரியாவிட்டால் அது செல்ஃபே எடுக்காது, டேஷ்போர்டை மட்டும் எரியவிட்டு சும்மா இருக்கும்.

5. பேட்டரி: இரண்டு எண்கள் வேண்டும், ஒன்று போதாது

"ஹாரன் நல்லா அடிக்குது, பேட்டரி நல்லாத்தான் இருக்கு" என்ற வாதம்தான் நான் அதிகம் கேட்கும் தப்பு. ஹாரனுக்குச் சில ஆம்ப் போதும். நாலு சிலிண்டர் இன்ஜினைச் சுற்ற 100 முதல் 200 ஆம்ப் வேண்டும். ஒரு குடம் தண்ணீர் தருகிற கிணறு மோட்டார் போட்டாலும் தாங்கும் என்று சொல்வதைப் போலத்தான்.

முதல் எண், ஓய்வில் இருக்கும் வோல்ட். வண்டி இப்போதுதான் ஓடியது அல்லது சார்ஜ் ஏறியது என்றால் ஹெட்லைட்டை ஒரு நிமிடம் போட்டு அணைத்து, சில நிமிடம் விட்டு அளங்கள். மேலோட்டமாக நிற்கும் சார்ஜ் பொய்யான எண் காட்டும், அதைக் கழிக்கத்தான் இது. 12.6 என்றால் நிறைவு, 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12-க்குக் கீழே கிட்டத்தட்ட காலி. 10.5 அளவில் நின்று சார்ஜ் போட்டும் ஏறாவிட்டால் ஒரு செல் செத்திருக்கலாம். ஆறு செல், ஒவ்வொன்றும் 2.1 வோல்ட், ஒன்று கழிந்தால் மிச்சம் அதுதான்.

இரண்டாவது எண், சாவியைத் திருப்பும்போது. மீட்டர் முனைகளை கிளாம்ப்பில் வைக்காமல் பேட்டரியின் ஈயத் தூணிலேயே வைத்து அளங்கள். 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழக் கூடாது. ஓய்வில் 12.5 காட்டிவிட்டு, திருப்பியதும் 6, 7 என்று சரிந்தால் பேட்டரியை சார்ஜ் செய்து மறுபடி பாருங்கள், மறுபடியும் சரிந்தால் மாற்ற வேண்டியதுதான்.

திருப்பியபோதும் வோல்ட் அசையாமல் 12.5-லேயே நின்றால்? இது பேட்டரி நல்லது என்பதற்கு முழு சாட்சி அல்ல. ஸ்டார்ட்டர் எதையும் இழுக்கவில்லை என்பதற்கு மட்டுமே சாட்சி.

ஜம்ப் கேபிளும் ஒரு சோதனைதான். சிவப்பு முதலில் உங்கள் பிளஸ்ஸில், பிறகு உதவி வண்டியின் பிளஸ்ஸில், கருப்பு உதவி வண்டியின் மைனஸில், கடைசி கருப்பு நுனி உங்கள் இன்ஜினின் வெறும் உலோகத்தில், பேட்டரியிலிருந்து தள்ளி. கடைசி இணைப்பில்தான் பொறி பறக்கும், அது பேட்டரி மேலேயே பறக்க வேண்டாம் என்பதற்காக. ஜம்ப் கொடுத்ததும் உடனே எடுத்தால் பேட்டரி அல்லது சார்ஜிங் பக்கம் பாருங்கள். அதே 'டக்' வந்தால் பேட்டரியை மறந்துவிடுங்கள்.

தள்ளி ஸ்டார்ட் பண்ணலாமே என்று பக்கத்தில் நிற்பவர் யாராவது கட்டாயம் சொல்வார். ஆட்டோமேட்டிக்கில் நடக்காது. கியர்பாக்ஸின் ஆயில் பம்பைச் சுற்றுவது இன்ஜின்தான். இன்ஜின் நின்றிருந்தால் ஆயில் அழுத்தம் இல்லை, அழுத்தம் இல்லாமல் உள்ளே கிளட்சுகள் பிடிக்காது, சக்கரம் சுற்றுவது இன்ஜினுக்குப் போய்ச் சேராது. மூச்சு வாங்குவதுதான் மிச்சம்.

6. கேபிளும் எர்த்தும்: எல்லோரும் தாண்டிப் போகும் இடம்

டெர்மினலைக் கையால் திருகிப் பாருங்கள். கொஞ்சம் நகர்ந்தாலும் அது லூஸ்தான். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். பிளஸ்ஸில் ஸ்பேனர் இருக்கும்போது அது பாடியில் பட்டாலும் மைனஸ் கழன்றிருந்தால் ஒன்றும் ஆகாது, அதற்காகத்தான் இந்த வரிசை. ரேடியோவுக்குப் பூட்டுக் குறியீடு கேட்கும் வண்டி என்றால் கழற்றும் முன் அது கையில் இருக்கிறதா என்று பாருங்கள். தூணையும் கிளாம்ப்பின் உட்புறத்தையும் பளபளவென்று ஆகும்வரை தேயுங்கள். வெளியில் பூத்திருக்கும் பச்சையையும் வெள்ளையையும் மட்டும் தட்டிவிட்டு நிறுத்தினால் பிரயோஜனமில்லை, கரண்ட் போவது உட்புறம் வழியாக.

அடுத்ததுதான் உண்மையான சோதனை. கேபிளை ஓம் வைத்துப் பார்க்காதீர்கள். 0.02 ஓம் தடை இருந்தாலே 150 ஆம்ப் ஓடும்போது 3 வோல்ட் வழியிலேயே காணாமல் போய்விடும், ஆனால் சாதாரண மீட்டரில் 0.02 ஓம் தெரியவே தெரியாது. கரண்ட் ஓடும்போது எத்தனை வோல்ட் தொலைகிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனையை பேட்டரியின் பிளஸ் தூணிலும் கருப்பு முனையை ஸ்டார்ட்டரில் தடித்த கேபிள் ஏறும் போல்ட்டிலும் வையுங்கள். சாவியைத் திருப்பும்போது 0.5 வோல்ட்டுக்குள் காட்டினால் பிளஸ் பக்கம் சரி. அடுத்து ஒரு முனை பேட்டரியின் மைனஸ் தூணில், மறுமுனை இன்ஜின் பிளாக்கின் சுத்தமான உலோகத்தில். இங்கே 0.2, மிஞ்சிப்போனால் 0.3. ஒரு வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கோளாறு கிடைத்துவிட்டது. இனி முனையை ஒவ்வொரு இணைப்பாக நகர்த்திக்கொண்டே போனால் எந்த இடத்தில் எண் குதிக்கிறதோ அந்த போல்ட், அந்தக் கேபிள். ஒன்று நினைவிருக்கட்டும்: கரண்ட் ஓடினால்தான் இந்த எண்ணுக்கு அர்த்தம். ஸ்டார்ட்டர் எதையும் இழுக்காத நிலையில் 0 காட்டுவது கேபிள் நல்லது என்பதற்குச் சாட்சி அல்ல.

மீட்டர் இல்லாமல் எர்த்தைச் சோதிக்க ஒரு வழி உண்டு. ஜம்ப் கேபிளின் கருப்பை பேட்டரி மைனஸிலிருந்து இன்ஜினைத் தூக்கும் கொக்கியில் நேராக மாட்டிவிட்டு சாவியைத் திருப்புங்கள். இப்போது கம்பீரமாகச் சுற்றினால் எர்த் பட்டைதான் திருடன். எனக்கு இது முன்பே தெரிந்திருந்தால் அந்தப் புது ஸ்டார்ட்டர் கடையிலேயே இருந்திருக்கும்.

7. ஸ்டார்ட்டரின் சின்ன வயர்: வண்டியை இரண்டாகப் பிரிக்கும் இடம்

ஸ்டார்ட்டரில் தடித்த கேபிள் தவிர மெல்லிய வயர் ஒன்று ஏறும். சாவி 'ஸ்டார்ட்'டுக்குப் போகும்போது மட்டும் அதில் கரண்ட் வர வேண்டும். அந்த முனையில் மீட்டரை வைத்து, சாவியைத் திருப்பச் சொல்லுங்கள்.

10 வோல்ட்டுக்கு மேல் வருகிறது, கேபிளும் எர்த்தும் சரி, ஆனாலும் சுற்றவில்லை என்றால் ஸ்டார்ட்டர் கழன்றாக வேண்டும். வோல்ட்டே வரவில்லை என்றால் ஸ்டார்ட்டரைத் தொடாதீர்கள், தப்பு அதற்கு முன்னால், உத்தரவு வரும் வழியில் இருக்கிறது, படி 8. நடுவில், 6, 7 என்று வந்தால் வழியில் எங்கோ காண்டாக்ட் தேய்ந்திருக்கிறது, அதுவும் படி 8-தான்.

'டக்' வந்தும் சுற்றாத ஸ்டார்ட்டரில் இன்னும் ஒரு படி துல்லியமாகப் போகலாம். சொலினாய்டிலிருந்து மோட்டாருக்குள் போகும் குட்டை இணைப்பில் அளங்கள். கேபிள் போல்ட்டில் 12 இருந்தும் இங்கே ஒன்றும் இல்லை என்றால் சொலினாய்டின் உள் காண்டாக்ட் தேய்ந்துவிட்டது. பத்து தடவை 'டக்', பதினோராவது தடவை ஸ்டார்ட் என்கிற வண்டிகளில் பெரும்பாலும் இதுதான். கியர் வைத்த ஸ்டார்ட்டர்கள் பலவற்றில் அந்தச் செப்புத் துண்டுகளை மட்டும் தனியாக மாற்றலாம். இங்கேயும் வோல்ட் வருகிறது, ஆனால் மோட்டார் சுற்றவில்லை, கூரை விளக்கும் மங்கவில்லை என்றால் பிரஷ் (மோட்டாரின் சுற்றும் பாகத்துக்கு கரண்ட் கொடுக்கும் கார்பன் துண்டு) போயிருக்கும்.

சுத்தியலால் ஸ்டார்ட்டரைத் தட்டும் வைத்தியம் பிரஷ் தேய்ந்திருந்தால் ஒரு தடவை வீடு சேர்க்கும். லேசாகத் தட்டுங்கள். உள்ளே நிரந்தரக் காந்தம் ஒட்டிய மோட்டார் என்றால் ஓங்கி அடித்தால் காந்தமே உடைந்துவிடும்.

விளக்கு படாரென்று மங்கி, பேட்டரி நல்லதாக இருந்தும் சுற்றவில்லை என்றால், ஸ்டார்ட்டரைக் கழற்றும் முன் இன்ஜினே சுற்றுகிறதா என்று பாருங்கள். சாவியை எடுத்துவிட்டு, கிராங்க் புல்லி போல்ட்டில் சாக்கெட் போட்டு இன்ஜின் சுற்றும் திசையில் கையால் திருப்புங்கள். 'பி'யில் இருந்தாலும் திரும்பும், டார்க் கன்வெர்ட்டர் இடையில் நழுவ விடும். அசையவே மறுத்தால் அழுத்திப் பார்க்காதீர்கள். வெள்ளத்தில் போன வண்டி என்றால் சிலிண்டரில் தண்ணீர் நிற்கலாம். பிளக்குகளைக் கழற்றாமல் செல்ஃப் அடித்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

அடியில் படுத்து ஸ்டார்ட்டர் முனைகளைத் திருப்புளியால் இணைத்து ஓடவிடும் வித்தையை ஆட்டோமேட்டிக்கில் செய்யவே செய்யாதீர்கள். அது கியர் சுவிட்சைச் சுற்றிக்கொண்டு போகிறது. லீவர் 'டி'யில் இருந்து இன்ஜின் பிடித்துவிட்டால் வண்டி உங்கள் மேலேயே ஏறும்.

8. உத்தரவு எங்கே நிற்கிறது?

ஸ்டார்ட் உத்தரவு போகும் வழி இது: பேட்டரி, ஃபியூஸ், சாவி சுவிட்ச், கியர் சுவிட்ச், ரிலே, பிறகு அந்தச் சின்ன வயர். வண்டிக்கு வண்டி வரிசை மாறும், ஆட்கள் இவர்கள்தான். சில பழைய வண்டிகளில் ரிலேயே கிடையாது, சொலினாய்டுக்கான முழுக் கரண்டும் சாவி சுவிட்ச், கியர் சுவிட்ச் வழியாகவே ஓடும். அவற்றில் இந்த சுவிட்சுகள் சீக்கிரம் கருகும்.

முதலில் ஃபியூஸ். கண்ணால் பார்த்து நல்லது என்று முடிவு கட்டாமல், சாவி 'ஆன்'னில் இருக்கும்போது டெஸ்ட் லேம்பால் ஃபியூஸ் தலையில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளையும் தொடுங்கள். சாவி 'ஸ்டார்ட்'டில் மட்டும் உயிர்பெறும் ஃபியூஸும் உண்டு, ஆகவே அதைத் திருப்பிப் பிடித்துப் பாருங்கள். இரண்டு புள்ளியிலும் எரிய வேண்டும்.

அடுத்து ரிலே. விரலை வைத்துக்கொண்டு சாவியைத் திருப்பினால் உள்ளே 'டிக்' என்று துடிப்பது தெரியும். துடித்தும் சின்ன வயருக்கு கரண்ட் போகவில்லை என்றால் காண்டாக்ட் கெட்டிருக்கலாம், அதே எண் அச்சிட்ட இன்னொரு ரிலேயை (ஹாரனுடையது பெரும்பாலும் அதேதான்) மாற்றிப் போட்டுப் பாருங்கள். துடிக்கவே இல்லை என்றால் அதன் காயிலுக்கு வர வேண்டிய பிளஸ்ஸோ எர்த்தோ வரவில்லை. வழக்கமான ரிலேயில் 85, 86 காயில், 30, 87 காண்டாக்ட் என்று அடியிலேயே எழுதியிருக்கும்.

கியர் சுவிட்சின் சாக்கெட்டைக் கழற்றி உள்ளே ஆயிலோ பச்சையோ இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு மீட்டரைத் தொடர்ச்சி பார்க்கும் நிலையில் வைத்து, ஸ்டார்ட்டுக்கான இரண்டு முனைகளைச் சோதியுங்கள்: 'பி'யிலும் 'என்'னிலும் மட்டும் இணைப்பு இருக்க வேண்டும், மற்றதில் கூடாது. புதிய சுவிட்ச் போட்டால் லீவரை 'என்'னில் வைத்து, சுவிட்சில் உள்ள கோட்டுக்கு நேராக்கி இறுக்குங்கள். பழையது நகர்ந்திருந்தாலும் இதே முறையில் நேராக்கலாம். அந்த இரண்டு வயரையும் முறுக்கிச் சேர்த்து நிரந்தரமாக ஓட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். 'டி'யில் நிற்கும் வண்டியில் யாரோ சாவியைத் திருப்பினால் அது பாய்ந்துவிடும், அந்த யாரோ பெரும்பாலும் விஷயம் தெரியாத ஆளாக இருப்பார்.

சாவி விளக்கு டேஷ்போர்டில் மின்னிக்கொண்டே இருந்தால் இம்மொபிலைசர் (சாவியில் உள்ள சிப்பைச் சரிபார்க்கும் திருட்டுத் தடுப்பு) சாவியை அடையாளம் காணவில்லை. இரண்டாவது சாவியைப் போட்டுப் பாருங்கள், சாவிக் கொத்தில் வேறு வண்டியின் சிப் சாவி இருந்தால் பிரித்து வைத்துவிட்டு முயலுங்கள். சில வண்டிகளில் இது செல்ஃபையே தடுக்கும், பலவற்றில் செல்ஃபை விட்டுவிட்டுப் பெட்ரோலையோ ஸ்பார்க்கையோ நிறுத்தும், அல்லது ஸ்டார்ட் ஆன ஓரிரு விநாடியில் அணைத்துவிடும்.

9. செல்ஃப் எடுக்கிறது, இன்ஜின் பிடிக்கவில்லை

சுற்றும் சத்தத்தைக் கவனியுங்கள். வழக்கமாக ஏற்ற இறக்கத்தோடு 'உர்-உர்-உர்' என்று இருக்கும். திடீரென்று ஒரே சீராக, லேசாக, வேகமாகச் சுற்றினால் டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். அப்போது மேலும் செல்ஃப் அடிக்காதீர்கள், பல இன்ஜின்களில் பிஸ்டன் வால்வில் மோதும்.

சத்தம் சரியாக இருந்தால் சாவியை 'ஆன்'னில் வைத்துப் பின்சீட்டுப் பக்கம் காது கொடுங்கள். இரண்டு விநாடி பெட்ரோல் பம்ப் முனகி நிற்க வேண்டும். கேட்கவில்லை என்றால் அதன் ஃபியூஸ், ரிலே, பிறகு பம்ப். ஃபோர்டு, லேண்ட் ரோவர் வண்டிகள் பலவற்றில் மோதலின்போது பம்ப்பை நிறுத்தும் சுவிட்ச் ஒன்று உண்டு; பெரிய பள்ளத்தில் விழுந்தாலே அது தட்டிவிடும், மேலே உள்ள பொத்தானை அழுத்தினால் சரி.

ஸ்கேனர் இருந்தால் செல்ஃப் எடுக்கும்போது ஆர்பிஎம் எத்தனை காட்டுகிறது என்று பாருங்கள். 150 முதல் 250 வரை காட்டினால் கிராங்க் சென்சார் (இன்ஜின் சுற்றுவதை இசியூவுக்குச் சொல்லும் சென்சார்) உயிரோடு இருக்கிறது. இன்ஜின் சுற்றும்போதே 0 என்றால் முதல் சந்தேகம் அந்த சென்சார் மேல்தான். அது சொல்லாமல் இசியூ ஸ்பார்க்கும் தராது, பெட்ரோலும் தராது. பி0335 என்ற குறியீடு அதைத்தான் குறிக்கும். பி0705 வந்தால் கியர் ரேஞ்ச் சென்சார், படி 4-க்குத் திரும்புங்கள். ஸ்கேனரை மாட்டும் 16 முனை சாக்கெட் அமெரிக்காவில் 1996 முதலும் ஐரோப்பாவில் பெட்ரோல் வண்டிகளுக்கு 2001 முதலும் கட்டாயமானது, அதற்கு முந்தைய வண்டியில் இருந்தால் அதிர்ஷ்டம்.

பலமுறை முயன்று பெட்ரோல் வாடை அடித்தால் பிளக் நனைந்திருக்கிறது. ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்துப் பிடித்து 5 முதல் 10 விநாடி செல்ஃப் அடியுங்கள். ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டிகள் பெரும்பாலானவற்றில் அப்படிச் செய்தால் இசியூ பெட்ரோலை நிறுத்திக் காற்றை மட்டும் விடும். இன்ஜின் பிடித்த உடனே காலை எடுத்துவிடுங்கள்.

10. விட்டு விட்டு வரும் கோளாறு

காலையில் நன்றாக எடுக்கும், ஓடிச் சூடாகி நிறுத்திப் பத்து நிமிடத்தில் எடுக்காது, ஆறியதும் எடுக்கும். இதில் செல்ஃபே எடுக்காவிட்டால் சூட்டில் தடை கூடும் சொலினாய்டும் அரைகுறை எர்த்தும், எடுத்தும் பிடிக்காவிட்டால் கிராங்க் சென்சாரும் சந்தேகத்துக்குரியவை. வண்டி நன்றாக இருக்கும் நேரத்தில் சோதித்துப் பயனில்லை. கோளாறு வரும் நிமிடத்தில் மீட்டரோடு தயாராக இருக்க வேண்டும், மெக்கானிக்கிடம் போவதற்குள் அது ஆறித் தொலைந்திருக்கும்.

ஓட்டும்போது ஒன்றுமில்லை, இரண்டு நாள் நிறுத்தினால் மட்டும் பேட்டரி இறங்குகிறது என்றால் ஏதோ ஒன்று கரண்டை உறிஞ்சுகிறது. மைனஸ் கேபிளுக்கும் தூணுக்கும் நடுவே மீட்டரை ஆம்ப் நிலையில் வைத்து, கதவுகளை மூடி அரை மணி காத்திருந்து பாருங்கள், 50 மில்லிஆம்ப்புக்குள் இருக்க வேண்டும். மீட்டர் அப்படி இருக்கும்போது சாவியைத் திருப்பினால் மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.

11. சரியான பிறகு

இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருக்கிறதா என்று பாருங்கள். 12.5-லேயே நின்றால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யவில்லை, நாளைக்கும் இதே கதை.

பிறகு காலி இடத்தில், பிரேக்கை அழுத்தி மிதித்து, 'பி'யிலும் 'என்'னிலும் ஸ்டார்ட் ஆகிறதா என்று ஒவ்வொரு தடவை பாருங்கள். இன்ஜினை அணைத்து, சாவி 'ஆன்'னில் இருக்க 'ஆர்'ருக்கும் 'டி'க்கும் லீவரைக் கொண்டுபோய்ச் சாவியைத் திருப்புங்கள். இரண்டிலும் செல்ஃப் எடுக்கக் கூடாது. எடுத்தால் சுவிட்சை மறுபடி கழற்றுங்கள், வேலை இன்னும் முடியவில்லை.